கொழுந்துக்குள் எத்தனை காம்பரா?

கேள்வி:

நான் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறேன். விஞ்ஞானப் பாடத்தில் கலத்தின் படத்தைக் கீறி, பகுதிகளைக் குறித்து, ஒவ்வொன்றின் தொழிலையும் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் பாடசாலையில் உள்ள ஒரே நுணுக்குக்காட்டி பழுது. கலத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன.

என் பெரியப்பா தேயிலை ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்கிறார். அரைத்த கொழுந்தை ‘ஃபெர்மென்ட்’ ஆகப் போடுவோம் என்கிறார். நொதித்தல் என்றால் மதுவம் செய்கிற வேலை என்றுதான் நான் படித்தேன். தேயிலையில் மதுவத்தை யார் போடுகிறார்கள்?

அம்மா கொழுந்துச் சாக்கை அமுக்கி அடைத்தால் கணக்கப்பிள்ளை ஏசுகிறார். எப்படியும் ஸ்டோரில் அரைக்கத்தானே போகிறார்கள், சாக்கில் நசுங்கினால் என்ன?

உயிர்த்தொழில்நுட்பம் என்று ஒரு பகுதி படிக்கிறோம். அது ஆய்வுகூடங்களில் நடக்கிற விஷயம்தானே? லயத்தில் இருக்கிற எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

— ஒரு மாணவி, பசறை

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் கெட்டிக்காரக் கேள்வி. எப்படியும் அரைபடப் போகிற கொழுந்து சாக்கிலேயே நசுங்கினால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்குக் கலம் ஏற்கெனவே பாதி விளங்கிவிட்டது. மீதியைச் சொல்கிறேன்.

முதலில் பெரியப்பாவின் ஃபெர்மென்ட். தேயிலையில் மதுவத்தை யாரும் போடுவதில்லை. மதுவம் என்ன, எதையுமே போடுவதில்லை. பச்சையாக ஸ்டோருக்குள் போன கொழுந்து கறுத்த தூளாக வெளியே வரும்வரை அதில் புதிதாகச் சேர்வது காற்றில் உள்ள ஒட்சிசன்தான். வெளியே போவது தண்ணீர். ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று பெரியப்பா கணக்குச் சொல்வார், கேட்டுப் பார். எதுவும் போடாமல் பச்சை எப்படிக் கறுக்கிறது என்றால், அதற்கு வேண்டியதெல்லாம் இலைக்குள்ளேயே இருக்கிறது. தனித்தனிக் காம்பராக்களில் இருக்கிறது.

காம்பரா என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1665இல் இலண்டனில் ரொபர்ட் ஹூக் என்பவர் போத்தல் மூடிக்கு வெட்டும் தக்கையை மெல்லிய சீவலாக எடுத்துத் தன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் ‘செல்’, அதாவது சிற்றறை. நம் பாடப்புத்தகம் அதைக் கலம் என்கிறது. தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து லயந்தான் நினைவுக்கு வருகிறது. நீண்ட ஒரே கூரை, நடுவில் சுவர்கள், சுவருக்குச் சுவர் ஒட்டிய காம்பராக்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. லயத்துக் காம்பராவில் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம் ஒரே இடத்தில். கலத்துக்குள் அப்படியில்லை. அங்கே காம்பராவுக்குள் காம்பரா இருக்கிறது. கருவுக்குத் தனியாக ஒரு சவ்வு. பச்சையுருமணிக்கும் இழைமணிக்கும் தனித்தனியே சவ்வுகள். நீ படத்தில் நடுவில் பெரிதாக ஒரு வட்டம் கீறி ‘புன்வெற்றிடம்’ என்று குறிப்பாயே, அதற்கும் சொந்தச் சவ்வு.

அந்தப் பெயரை நம்பிவிடாதே. புன்வெற்றிடம் வெற்றிடமே இல்லை. தேயிலைக் கொழுந்தில் அது சரக்கு நிறைந்த சாமான் அறை. தேநீரைத் துவர்க்க வைக்கிற கட்டெச்சின் என்ற பொருள்கள் அங்கேதான் கரைந்து கிடக்கின்றன. இவை பொலிபீனோல் வகையைச் சேர்ந்தவை. இளம் கொழுந்தைத் தண்ணீர் இல்லாமல் காய வைத்து நிறுத்தால், அந்த நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே பொலிபீனோல்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பறிக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இது. முற்றிய இலையில் இந்தச் சரக்கு குறைவு.

இந்தச் சரக்கை மாற்றக்கூடிய ஆள் வேறொரு காம்பராவில் இருக்கிறார். பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம். அதற்குள் கொஞ்சம் செம்பு உண்டு. அது இருப்பது பெரும்பாலும் பச்சையுருமணியில். கட்டெச்சின் ஒரு சவ்வுக்கு அந்தப்பக்கம், நொதியம் இன்னொரு சவ்வுக்கு இந்தப்பக்கம். இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. அதனால்தான் செடியில் உள்ள கொழுந்து பச்சையாகவே இருக்கிறது.

இனிப் பெரியப்பாவின் ரோலருக்கு வருவோம். வாட்டிய கொழுந்து அதில் சுழன்று நசுங்கும்போது கலச்சுவர் நொறுங்குகிறது, உள்ளே இருக்கும் சவ்வுகள் கிழிகின்றன. சாமான் அறைச் சரக்கும் நொதியமும் காற்றும் ஓரிடத்தில் கலக்கின்றன. கட்டெச்சின் ஒட்சியேற்றம் அடைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு புதுப் பொருள்களாகிறது. அவற்றில் தியாஃபிளேவின் தேநீருக்குப் பொன்னிறத்தையும் துடிப்பையும் தருகிறது. தியாருபிஜின் சிவந்த கபில நிறத்தையும் கனத்தையும் தருகிறது. அரைத்த கொழுந்து செம்புக் காசு நிறத்துக்கு வந்து, பச்சை வாடை போய், பழ வாசம் எழும்போது டீ மேக்கர் மோந்து பார்த்துச் சொல்வார், போதும் என்று. உடனே டிரையர். அங்கே 90, 100 பாகை வெப்பக் காற்றில் நொதியம் உருக்குலைகிறது. உருக்குலைந்த நொதியம் வேலை செய்யாது. சந்திப்பு அத்தோடு முடிந்தது.

உன் அம்மாவுக்கும் இந்த நொதியத்தைத் தெரியும், பெயர்தான் தெரியாது. கத்தரிக்காயை வெட்டியவுடன் தண்ணீரில் போடுகிறாரே, ஏன்? காற்றுப் பட்டால் கறுக்கும். வாழைப்பூவை நறுக்கி மோர்த் தண்ணீரிலோ தேசிக்காய் பிழிந்த தண்ணீரிலோ போடுவதும் அதற்குத்தான். புளிப்பில் இந்த வகை நொதியம் சோர்ந்துவிடும். சமையலறையில் தடுத்து நிறுத்துகிற அதே வேலையைத்தான் ஸ்டோரில் கூலி கொடுத்து நடத்துகிறோம்.

அப்படியானால் ‘நொதித்தல்’ என்ற சொல் பிழையா? அந்தக் காலத்துத் தோட்டத்துரைமார் இதுவும் கள் புளிப்பது போன்ற ஒன்று என்று எண்ணி வைத்த பெயர் அது. பிறகுதான் இலையின் சொந்த நொதியமே இதைச் செய்கிறது என்று தெரிய வந்தது. பரீட்சையில் கேட்டால், தேயிலையில் நடப்பது நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றம் என்று எழுது. பெரியப்பாவிடம் போய் நீங்கள் சொல்வது பிழை என்று மட்டும் சண்டை பிடிக்காதே. ஏனென்றால் இந்த இரண்டுக்கும் உள்ள சொந்தம் நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லூயி பாஸ்டர், உயிருள்ள மதுவக் கலம் இல்லாமல் சீனி மதுசாரமாக மாறாது என்று உறுதியாகச் சொன்னார். 1897இல் ஜேர்மனியில் எடுவர்ட் புக்னர் மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்தார். கலங்கள் எல்லாம் நொறுங்கும்வரை அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். அந்தச் சாறு கெடாமல் இருக்கட்டும் என்று சீனி சேர்த்து வைத்தார். சாறு நுரைத்துப் பொங்கத் தொடங்கியது. உயிருள்ள ஒரு கலங்கூட அதில் இல்லை, நொதித்தல் மட்டும் நடந்தது. கலம் உடைந்தாலும் அதற்குள் வேலை பார்த்த நொதியம் உடைவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புக்னர் மதுவத்துக்குச் செய்ததைத்தான் உன் பெரியப்பா ஒவ்வொரு நாளும் கொழுந்துக்குச் செய்கிறார்.

இப்போது சாக்கு. அரைக்கத்தானே போகிறார்கள் என்று கேட்டாய். அரைப்பதில் பிழையில்லை, நேரத்தில்தான் இருக்கிறது. ரோலரில் எல்லாக் கொழுந்தும் ஒரே சமயத்தில் நசுங்குகிறது. அந்த நிமிடத்திலிருந்து டீ மேக்கர் கணக்கு வைத்து, ஓரிரு மணி நேரம், மிஞ்சினால் மூன்று மணி நேரம் விட்டு, சூட்டைக் கொடுத்து நிறுத்துகிறார். சாக்கில் நசுங்கிய கொழுந்தோ காலையிலேயே தன்பாட்டில் தொடங்கிவிடுகிறது. அது ஸ்டோருக்கு வந்து, இரவெல்லாம் வாட்டும் தொட்டியில் கிடந்து, ரோலருக்குப் போவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். நல்ல கொழுந்தோடு அது கலந்தால் கோப்பையில் தெளிவு போகும், சுவை மழுங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பறித்த கொழுந்து செத்துவிடவில்லை. அதன் இழைமணிகள் இன்னும் வேலை செய்கின்றன. சீனியை எரித்துச் சுவாசிக்கின்றன, சுவாசித்தால் வெப்பம் வரும். அடைத்த சாக்கின் நடுவில் கையை விட்டுப் பார், கதகதப்பாக இருக்கும். தளர்வாக இருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அமுக்கினால் உள்ளேயே தங்கி, கொழுந்தை அவித்துச் சிவக்க வைக்கும்.

கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளந்தான், விழும் என்று பயந்து, பள்ளத்திலிருந்து மேட்டுக்குச் சுமை தூக்குகிற அம்மா, ஒரு நடையைக் குறைக்கத்தான் அமுக்குகிறார். அதில் நான் குறை காணமாட்டேன். காரணத்தைச் சொல்லாமல் ஏசுவதில் யாருக்கும் பயனில்லை. நீ அம்மாவுக்கு இந்தக் காரணத்தைச் சொல். கணக்கப்பிள்ளைக்கும் அம்மாவே சொல்லட்டும், மலைக்கு இன்னும் இரண்டு சாக்கும் கிட்ட ஒரு நிறுவை இடமும் தந்தால் கொழுந்து நசுங்காது என்று.

நம் ஊவாவுக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வறட்டுக் காற்று அடிக்கிறதே, கிழக்கே மட்டக்களப்புக்காரர் கச்சான் என்பார்களே, அந்தக் காலத்துத் தேயிலைதான் ஊவாத் தேயிலை என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது. அதில் குளிர்ச்சியான ஒரு வாசம் இருக்கும். அதற்குப் பெரிய காரணம் மெதைல் சலிசிலேற்று, மூட்டுவலிக்குப் பூசும் தைலங்களில் மணக்கிற அதே பொருள். முழு இலையில் இந்தப் பொருள் ஒரு சீனி மூலக்கூறோடு கட்டுண்டு, மணமில்லாமல் கிடக்கிறது. கலம் உடையும்போது வேறொரு நொதியம் வந்து அந்தக் கட்டை அறுக்கிறது. அப்போதுதான் மூக்குக்குத் தெரிகிறது. அந்தக் காற்றில் தண்ணீர் தட்டுப்பாடாகி வளர்ச்சி சுருங்குகிற நாட்களில் கொழுந்து குறையும், வாசம் கூடும். அம்மாவின் சாக்கு இலேசாகிற மாதங்களில் ஏலத்தில் விலை ஏறுவது இதனால்தான்.

மூன்றாவது கேள்வி. உயிர்த்தொழில்நுட்பம் என்றால் உயிரினத்தை, அல்லது அதன் கலத்தை, அல்லது கலத்தின் நொதியத்தை நம் தேவைக்கு வேலை வாங்குவது. அதற்கு வெள்ளை மேலங்கி கட்டாயமில்லை. ஸ்டோரில் நடப்பதை இப்போதுதான் பார்த்தோம். தயிர் போடுவதும் அதுதான், ஆனால் நேர்மாறான வழியில். ஸ்டோரில் கலத்தை உடைத்து வேலை வாங்குகிறோம். சட்டியில் பற்றீரியாக் கலத்தை உயிரோடு வைத்து வேலை வாங்குகிறோம். அது பாலின் சீனியைத் தின்று இலற்றிக் அமிலத்தை விடுகிறது, அமிலத்தில் பால் உறைகிறது. கொதிக்கிற பாலில் உறைமோர் ஊற்றினால் உறையாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று உனக்கும் இப்போது தெரியும்.

உங்கள் தோட்டத்தில் வீ.பி. மலை என்று ஒன்று இருக்கும். விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை வேறு, இது வேறு. ஒரே ஓர் இலையும் அதோடு சிறு தண்டுத் துண்டும் வெட்டி, நர்சரியில் பைகளில் நட்டு, நிழலில் வைத்து வளர்த்தவை. வெட்டுப்பட்ட தண்டில் இருக்கும் கலங்கள் மீண்டும் பிரிந்து வேர் விடுகின்றன. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் முழுச் செடிக்கான கட்டளை இருப்பதால்தான் இது முடிகிறது. 1925இல் தொடங்கி, இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இப்படித் தெரிந்தெடுத்துத் தந்த இனங்களில் டி.ஆர்.ஐ. 2025 பெயர் பெற்றது. அந்த நிறுவகத்தின் ஒரு கிளை நிலையம் உன் பசறையிலேயே இருக்கிறது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் விளையும் உருளைக்கிழங்குக்கு வைரசு இல்லாத விதைக்கிழங்கு வேண்டும் என்றால் இதே தத்துவத்தை இன்னும் சிறிய அளவில் செய்கிறார்கள். முளையின் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு இழையத்தை எடுத்துப் போத்தலில் வளர்ப்பார்கள். அதற்குப் பெயர் இழைய வளர்ப்பு.

இப்படி ஒரே செடியைப் பெருக்கி நடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதற்குச் சாட்சி உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் போல ஒன்று கண்டார்கள். இலங்கையில் கோப்பித் துரு நோய் முதலில் பதிவானது அங்கேதான். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு. அதன் வித்து ஈர இலையில் முளைத்து, இலைவாய் வழியே நுழைந்து, கலங்களுக்குள் உறிஞ்சிகளை விட்டுச் சாரத்தைக் குடிக்கும். 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே வந்து இந்த வழியை ஆராய்ந்தார். ஆனால் மலைக்கு மலை ஒரே கோப்பி, நடுவில் தடுக்க எதுவும் இல்லை. இருபது ஆண்டுக்குள் கோப்பி படுத்துவிட்டது, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. கோப்பிக்கு வந்த நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் கொழுந்து பறிக்கிறவர்கள் ஆனது, அந்தப் பங்கசு இலைவாய்க்குள் நுழைந்த கதையின் தொடர்ச்சி. ஒரே செடியிலிருந்து வெட்டிய வீ.பி. கன்றுகளுக்கும் கருவில் ஒரே கட்டளைதான். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். அதனால்தான் மலை முழுக்க ஒரே இனத்தை நடாமல் பல இனங்களைப் பிரித்து நடுவது நல்லது.

லயத்துக்குள் வரும் உயிர்த்தொழில்நுட்பம் இன்னொன்று, சீனி வருத்தக்காரருக்கு ஆஸ்பத்திரியில் தரும் இன்சுலின். முன்பு பன்றியின், மாட்டின் சதையியிலிருந்து எடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்கான கட்டளையைப் பற்றீரியாவுக்குள் புகுத்தி அதையே சுரக்க வைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. அம்மாயியோ அப்பாயியோ ஊசி போடுகிறார்கள் என்றால், எங்கோ ஒரு தொட்டியில் வளர்ந்த நுண்ணுயிர்க் கலத்தின் உழைப்பு அந்தக் குப்பியில் இருக்கிறது.

இதையெல்லாம் மேலே படிக்க ஆசை இருந்தால் தூரம் போக வேண்டியதில்லை. பதுளைக்குப் போகும்போது பசறைப் பாதையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தைக் கண்டிருப்பாய். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்க வேண்டும். அதற்கு இந்தப் பரீட்சை ஒரு படி.

கடைசியாக, அந்தப் பழுதான நுணுக்குக்காட்டி. அது திருத்தப்படும்வரை சும்மா இருக்காதே. மூன்று பீரிசு எடு. அம்மாவிடம் ஆறு இளங்கொழுந்து கேட்டு வாங்கு. முதல் பீரிசில் இரண்டை அப்படியே வை. அடுத்த இரண்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் சாறு கசியும்வரை தேய்த்து, விரித்து வை. கடைசி இரண்டைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, எடுத்து, வடித்து, ஆறவிட்டு, அதன் பிறகு அதே மாதிரித் தேய்த்து மூன்றாம் பீரிசில் வை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார். இரண்டாவது மட்டும் செம்பு நிறத்தில் மணக்கும். மூன்றாவதையும் அதே கைதான் தேய்த்தது, கலங்களும் உடைந்தன, ஆனால் அது சிவக்காது. கிரீன் டீ செய்கிறவர்களின் வித்தை அந்தப் பீரிசில் இருக்கிறது. ஏன் சிவக்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை, நீயே எழுதி அனுப்பு.

கலத்தை ஒருநாளும் கண்டதில்லை என்று எழுதியிருந்தாய். ஹூக் பார்த்தது காய்ந்த தக்கை. அதில் சுவர் மட்டுந்தான் மிச்சம், ஆட்கள் போய்விட்ட லயம் மாதிரி. நீ அந்த மூன்று பீரிசில் பார்க்கப் போவது ஆட்கள் குடியிருக்கிற காம்பராக்களை.